பட்டக் காற்றாலை: கணக்கில் 44 கிலோவாட், கையில் 20. மீதி எங்கே போனது?

நெல்லை_மின்னன்

பட்டத்தைக் காற்றுக்குக் குறுக்கே பறக்கவிட்டு மின்சாரம் எடுப்பது பற்றி மைல்ஸ் லாயிட் 1980இல் எழுதிய கட்டுரையின் சமன்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். தரையில் ஜெனரேட்டர், பட்டம் கயிற்றை இழுக்கும், டிரம் சுழலும். அந்த வகைதான்.

எடுத்துக்கொண்டவை: பட்டத்தின் பரப்பு 60 சதுர மீட்டர், தூக்குக் கெழு 0.8, கயிற்றையும் சேர்த்த தூக்கு–தடை விகிதம் (தூக்கும் விசை காற்றுத்தடையைப் போல எத்தனை மடங்கு என்பது) 4, பட்டம் பறக்கும் உயரத்தில் காற்று விநாடிக்கு 10 மீட்டர், காற்றடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ.

திறன் = (2/27) × அடர்த்தி × பரப்பு × வேகத்தின் மும்மடி × தூக்குக் கெழு × விகிதத்தின் இருமடி. 68 கிலோவாட் வருகிறது. கயிறு தரையோடு 30 பாகைச் சாய்வில் நிற்பதால் கொசைன் மும்மடி, அதாவது 0.65ஆல் பெருக்கினால் 44 கிலோவாட்.

ஆனால் இந்த அளவுப் பட்டங்களைப் பற்றிப் படிக்கும்போது சராசரி இதில் பாதிதான் வரும் என்கிறார்கள். என் கணக்கில் பிழையா, அவர்கள் இயந்திரத்தில் பிழையா?

தறிக்கயிறு

இரண்டிலும் பிழை இல்லை. நீங்கள் போட்டது கயிறு விடும் கட்டத்துக்கு மட்டுமான கணக்கு. விட்ட கயிற்றைத் திரும்பச் சுருட்ட வேண்டாமா?

உங்கள் எண்களையே தொடர்கிறேன். கயிறு விடும் வேகம், கயிற்றுத் திசையில் காற்றின் கூறில் மூன்றில் ஒரு பங்கு: 8.66 ÷ 3 = 2.89 மீ/வி. 44 கிலோவாட்டை இதால் வகுத்தால் இழுவிசை 15.3 கிலோநியூட்டன், ஒன்றரை டன். 200 மீட்டர் விடுவதற்கு 69 விநாடி. கிடைத்த வேலை 3.07 மெகாஜூல்.

இனி சுருட்டல். பட்டத்தின் மூக்கைத் தாழ்த்தி இழுவிசையை 2.5 கிலோநியூட்டனுக்குக் கொண்டுவந்து, 8 மீ/வி வேகத்தில் இழுத்தால் 25 விநாடி, 0.5 மெகாஜூல் செலவு. கட்டம் மாற இரு முனையிலும் சேர்த்து 6 விநாடி வையுங்கள். டிரம், கியர், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து 85 விழுக்காடு என்றால் வரவு 2.61, செலவு 0.59. மிச்சம் 2.02 மெகாஜூல், 100 விநாடிக்கு. சராசரி 20 கிலோவாட்.

சுருட்டப் போகும் ஆற்றல் பெரிய நட்டமில்லை என்பதைக் கவனியுங்கள். மின்சாதன இழப்பு ஒரு பங்கைத் தின்கிறது. அதைவிடப் பெரிய பங்கைத் தின்பது 31 விநாடி சும்மா போவதுதான்.

நெல்லை_மின்னன்

அப்படியானால் 8க்குப் பதில் 16 மீ/வி வேகத்தில் சுருட்டினால்?

கொண்டல்

சுருட்டும் வேகம் கூடினால் பட்டத்தின் மேல் படும் காற்றும் கூடும். தடை வேகத்தின் இருமடியாக ஏறும், அந்த 2.5 கிலோநியூட்டன் நிற்காது. அதோடு ஜெனரேட்டரே அப்போது மோட்டார். 2.89இல் ஓடும் டிரம்மை எதிர்த்திசையில் 16க்கு முடுக்க வேண்டும், பிறகு நிறுத்த வேண்டும். டிரம்மின் நிலைமம் கட்டமாற்ற நேரத்தை நீட்டிவிடும். ஒரே மோட்டார் இரண்டு வேகத்துக்கும் பொருந்துவதும் கடினம்.

இன்னொன்று. "மூன்றில் ஒரு பங்கு" என்பது விடுகட்டத்தை மட்டும் பார்த்தால்தான் உச்சம். முழுச் சுழற்சிக்குக் கணக்கிட்டால், காற்று வேகத்துக்கு நிகரான வேகத்தில் சுருட்டும்போது உச்சம் 0.28 பக்கம் வரும். கொஞ்சம் மெதுவாக விட்டால் இழுவிசை கூடுகிறது, சுழற்சியில் சுருட்டலின் பங்கு குறைகிறது. முதல்முறை கட்டுப்பாட்டு நிரல் எழுதுகிறவர்கள் 0.33 என்று போட்டுவிட்டுப் பிறகு கீழே இறக்குவது வழக்கம்.

வல்வை_முச்சை

மூக்கைத் தாழ்த்திறது எண்டு சொல்லீட்டு விட்டிட்டீங்கள், அதுதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில நாங்கள் முச்சை எண்டு சொல்லுறது, தமிழ்நாட்டில சூத்திரம். முச்சைக்கயிறு எங்க முடிச்சுப் போடுறமோ அதைப் பொறுத்துப் பட்டத்தின்ர சாய்வு. கீழ நிண்டு மாத்தேலாது, பறக்கவிட முன்னமே போட்டுட வேணும்.

இந்தப் பட்டங்களில பறக்கேக்கையே முச்சையை மாத்துறாங்கள், வித்தியாசம் அதுதான். பட்டத்துக்குச் சில மீட்டர் கீழ கட்டுப்பாட்டுப் பெட்டி ஒண்டு தொங்கும். முன்விளிம்பில இருந்து வாற கயிறுகள் சுமையில பெரும்பங்கைத் தாங்கிக்கொண்டு நேர பிரதான கயிற்றுக்குப் போகும். பின்விளிம்புக் கயிறுகள் பெட்டிக்குள்ள இருக்கிற ரெண்டு சின்ன வின்ச்சுக்கு (கயிறு சுருட்டிற பொறி) போகும். ஒரு வின்ச் ரெண்டு பக்கத்தையும் சேர்த்து இறுக்கும், தளர்த்தும்: அது சக்தி கூட்டக் குறைக்க. மற்றது ஒரு பக்கத்தை இழுத்து மறுபக்கத்தை விடும்: அது திருப்ப. பின்கயிறு நீண்டால் மூக்குத் தாழும், தூக்கு விழும், அப்ப சுருட்டலாம்.

விண் (காற்றில அதிர்ந்து ஒலிக்கிற நார்) கட்டின பட்டம் கூவுறமாதிரி இந்தக் கயிறும் கூவும். அது அழகுக்கில்லை. கயிறு அதிருதெண்டால் காற்றுத்தடை கூடுது எண்டு அர்த்தம்.

நெல்லை_மின்னன்

அருமை அண்ணே. அந்தப் பெட்டிக்கு மின்சாரம்?

வல்வை_முச்சை

சின்ன பேட்டரி, அதோட ஒரு குட்டிக் காற்றாடி. பட்டம் 20 மீ/விக்கு மேல பறக்கேக்க அந்தக் காற்றாடியே பேட்டரியை நிரப்பும். கயிற்றுக்குள்ள செம்புக்கம்பி வைக்கிறதும் உண்டு. ஆனால் கயிறு நீண்டு சுருங்கிற பொருள், செம்பு அப்படி இல்லை. வளைஞ்சு வளைஞ்சு முதல்ல அறுறது செம்புதான்.

தறிக்கயிறு

கயிற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இந்தத் துறையில் பணம் போவதும் தூக்கம் போவதும் இங்கேதான்.

பொருள்: மிகை உயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன். டைனீமா என்ற வணிகப் பெயரில் தெரிந்திருக்கும். நீரைவிட லேசு. 10 மி.மீ. தடிப்பு, 12 புரிப் பின்னல் என்றால் அறுவிசை சுமார் 90 கிலோநியூட்டன், 100 மீட்டர் 6 கிலோ பக்கம். 400 மீட்டருக்கு 24 கிலோ. எஃகுக் கம்பிவடமாக இருந்தால் எடை பல மடங்காகி, பட்டத்தின் சக்தியில் ஒரு பங்கு தன் கயிற்றைத் தூக்கவே போய்விடும்.

15 கிலோநியூட்டன் இழுவைக்கு 90 எதற்கு என்று கேட்பார்கள். 15 என்பது சராசரி. எட்டுப் போடும்போது, அதாவது வானில் 8 வடிவில் பறக்கும்போது, பட்டம் இறங்கும் பக்கத்தில் வேகம் கூடி இழுவை ஏறும், ஏறும் பக்கத்தில் தணியும். மேலே திடீர்க் காற்று வந்தால் 25, 30 தொடும். மீதி இடைவெளி மூன்று காரணங்களுக்காக.

முதலாவது வளைவுக் களைப்பு. கயிறு ஒவ்வொரு சுழற்சியிலும் கப்பியில் வளைந்து நிமிர்கிறது. 100 விநாடிச் சுழற்சி என்றால் ஒரு நாளில் 864 முறை. நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து உள்ளே சூடேறும். இந்தப் பொருள் 150 பாகைக்குச் சற்றுக் கீழேயே உருகும், 70 பாகையைத் தாண்டினாலே வலு கண்டபடி இறங்கும். வெளியே தொட்டுப் பார்த்தால் சூடு தெரியாது. 10 மி.மீ. கயிற்றுக்கு 300 மி.மீ. கப்பி, ஒரு மீட்டர் டிரம் என்பது நான் ஏற்றுக்கொள்ளும் குறைந்த அளவு. இடத்தை மிச்சம் பிடிக்க 150 மி.மீ. கப்பி போட்டால் கயிற்றுச் செலவில் அதைவிட அதிகமாகக் கட்டுவீர்கள்.

இரண்டாவது ஊர்தல். தொடர்ந்து இழுவையில் இருக்கும்போது கயிறு மெல்ல மெல்ல நிரந்தரமாக நீளும். ஒவ்வொரு 50 மீட்டருக்கும் நிறக்குறி போட்டுவைத்து, குறிகளுக்கு இடையேயுள்ள தூரத்தை அளந்துகொண்டே வரவேண்டும். ஒரு துண்டு மட்டும் மற்றவற்றைவிட அதிகம் நீண்டிருந்தால் அங்கேதான் அறும்.

மூன்றாவது வெயில், உப்பு, மணல். உப்புப் படிகம் நார்களுக்குள் புகுந்துவிட்டால் அரம் போல அறுக்கும். கடற்கரை நிலையத்தில் நல்ல தண்ணீரில் கயிற்றைக் கழுவுவது அட்டவணையில் இருக்க வேண்டும்.

அறுபடும் இடம் பெரும்பாலும் ஒன்றே: விடுகட்டம் முடிந்து சுருட்டல் தொடங்கும் நொடியில் கப்பியின் மேல் இருக்கும் அந்த இரண்டு மூன்று மீட்டர். தினமும் 200இலிருந்து 400 வரை என்று ஓட்டினால் அதே துண்டு அதே இடத்தில் அடிபடும். வீச்சைத் தினமும் சில மீட்டர் நகர்த்துங்கள், இன்று 200–400, நாளை 195–395. காலம் பாதி போனதும் கயிற்றைத் தலைகீழாக மாற்றிக் கட்டுங்கள்.

டிரம்மில் ஒரே அடுக்காகத்தான் சுற்ற வேண்டும். இரண்டாம் அடுக்கு போட்டால் இழுவையில் மேல்கயிறு கீழ்கயிற்றுக்குள் புதைந்து சிக்கும். 400 மீட்டர், ஒரு மீட்டர் விட்டம்: 127 சுற்று. சுற்றுக்கு 12 மி.மீ. இடம் விட்டால் டிரம் நீளம் ஒன்றரை மீட்டர். கயிறு வெளியேறும் புள்ளி நகராமல் இருக்க, டிரம்மும் ஜெனரேட்டரும் சேர்ந்த சட்டத்தையே தண்டவாளத்தில் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் 20 கிலோவாட் மாதிரியில் இப்படித்தான். அந்த மாதிரியில் 25 சதுர மீட்டர் பட்டமும் 4 மி.மீ. கயிறும்.

செங்குத்து_அச்சு

எல்லாம் சரி. பின்னாளில் கூகுள் வாங்கிய மகானி நிறுவனம் 2006இல் தொடங்கி, 2019 ஆகஸ்டில் நார்வே கடலில் 600 கிலோவாட் பட்டத்தைப் பறக்கவிட்டு, இரண்டாம் பறத்தலிலேயே அதை இழந்து, 2020இல் கடையைச் சாத்தியது. நெதர்லாந்தின் ஆம்பிக்ஸ் பவர் 2022இல் திவால். 40 ஆண்டாக "இன்னும் ஐந்து ஆண்டில்" என்கிறார்கள். மேலே காற்று அதிகம் என்ற ஒரே வாதத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள்?

கொண்டல்

நீங்கள் சொன்ன உண்மைகளை மறுக்கவில்லை. "மேலே காற்று அதிகம்" என்பதுதான் ஒரே வாதம் என்பதை மறுக்கிறேன். விளம்பரப் படங்கள் அப்படிச் சொல்வதால் வந்த குழப்பம்.

உயரத்தைக் கணக்கிலேயே பார்ப்போம். சமதரையில் காற்று வேகம் உயரத்தின் ஏழில் ஒரு படியாக ஏறும் என்பது பழைய விதி. மேலே சொன்ன பட்டத்துக்கு 400 மீட்டர் கயிறு, 30 பாகை, எனவே உயரம் 200 மீட்டர். கயிற்றை 800 மீட்டர் ஆக்கினால் உயரம் 400. வேகம் 1.104 மடங்கு, மும்மடியாக்கினால் திறன் 1.35 மடங்கு. கேட்க நன்றாக இருக்கிறது.

இப்போது கயிற்றின் தடை. கயிற்றின் மேல்முனைதான் பட்ட வேகத்தில் போகிறது, கீழ்முனை நிற்கிறது. ஆகவே கயிற்றுப் பரப்பில் கால் பங்கைத்தான் பட்டத்தின் தடையோடு சேர்க்க வேண்டும். 1.1 × 0.010 × 400 ÷ 4 = 1.1 சதுர மீட்டர். 60ஆல் வகுத்தால் 0.018. மொத்தத் தடைக் கெழு 0.20இல் இது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 800 மீட்டர் ஆனால் இன்னொரு 0.018 சேரும், 0.218. விகிதம் 4இலிருந்து 3.67க்கு இறங்கும், திறன் 0.84 மடங்கு. 1.35 × 0.84 = 1.13. ஆக உயரத்தை இரட்டித்தால் 13 விழுக்காடு லாபம். அதில் கூடுதல் கயிற்றின் எடை, இரட்டைக் கயிற்றுச் செலவு, நான்கு மடங்கு பாதுகாப்பு நிலம் எதையும் கழிக்கவில்லை.

இரவில் தரை குளிர்ந்து, கீழ்க்காற்று படுத்து, 200–300 மீட்டரில் மட்டும் காற்று ஓடும் ஊர்களில் இந்தக் கணக்கு மாறும். அங்கே உயரம் உண்மையில் பணம். நண்பகலில் வெயில் காற்றைக் கலக்கிவிடும் இடத்தில் மாறாது. ஆரல்வாய்மொழி போலக் கணவாய்க்குள் நெரிந்து வரும் காற்றுக்கும் ஏழில் ஒரு படி விதியை நம்பக்கூடாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

பட்டத்தின் உண்மையான பலம் குறுக்கே பறப்பது. சும்மா நிற்கும் 60 சதுர மீட்டர் பட்டம் 10 மீ/வி காற்றில் 3, 4 கிலோநியூட்டன் இழுக்கும். எட்டுப் போட்டால் அது 23 மீ/வி வேகத்தில் பறக்கிறது, இழுவை 15. காற்றாலை இறக்கையின் நுனிப்பகுதிதான் பெரும்பங்கு மின்சாரம் எடுக்கிறது. அந்த நுனியை மட்டும் வைத்துக்கொண்டு கோபுரத்தையும் இறக்கையின் அடிப்பகுதியையும் கயிறாக மாற்றியதுதான் பட்டக் காற்றாலை. மிச்சமாவது கான்கிரீட், எஃகு.

செங்குத்து_அச்சு

சரி, மகானி ஏன் தோற்றது?

கொண்டல்

அது வேறு வகை. 26 மீட்டர் கெட்டி இறக்கை, அதன் மேலேயே எட்டுச் சுழலி. ட்ரோன் போல நேராக மேலே எழும்பி, பிறகு வட்டமடித்துப் பறக்கும். மின்சாரம் மேலேயே உற்பத்தியாகிக் கயிறு வழியே கீழே வரும். சுருட்டல் கட்டம் கிடையாது, முதல் பதிவின் புதிரே அங்கே எழாது. ஆனால் சுழலி, மோட்டார், உயர் மின்னழுத்தக் கயிறு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். அளவை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, எடை எட்டு மடங்கை நோக்கிப் போகும். வட்டத்தின் ஏறும் பாதியில் அந்த எடை முழுவதும் தெரியும். திட்டமிட்டதைவிட எடை கூடியது, எதிர்பார்த்த தூக்கு கிடைக்கவில்லை. மூடும்போது வடிவமைப்பு ஆவணங்கள், பறத்தல் தரவு, நிரல் எல்லாவற்றையும் பொதுவில் போட்டுவிட்டுப் போனார்கள். தோற்ற நிறுவனம் விட்டுச்சென்ற சொத்துகளில் இதைவிடப் பயனுள்ளதை நான் பார்த்ததில்லை.

இன்று தாக்குப்பிடிப்பது துணிப்பட்டம், தரை ஜெனரேட்டர் வகை. ஹாம்பர்க்கின் ஸ்கைசெய்ல்ஸ் மொரீஷியஸில் நிறுவியதும், டெல்ஃப்டின் கைட்பவர் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் சோதித்ததும் இதுதான். டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் தீவு, முகாம்; இவைதான் இப்போதைய சந்தை. 2025இல் சீனாவின் ஹாமியில் பறந்த எஸ்1500ஐ இங்கே சேர்க்காதீர்கள். அது ஹீலியம் பலூன். குறுக்கே பறப்பது கிடையாது, நின்ற இடத்தில் 12 சுழலிகள்.

நெல்லை_மின்னன்

20 கிலோவாட் சராசரி என்றாலும் 69 விநாடி வரவு, 25 விநாடி செலவு. ஒரு சிறு தீவின் மின்கட்டம் இதைத் தாங்குமா?

தறிக்கயிறு

இடையில் சேமிப்பு வேண்டும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. சுருட்டும்போது மோட்டாருக்கு 23.5 கிலோவாட், மின்கட்டத்துக்கு 20. மொத்தம் 43.5 கிலோவாட் 25 விநாடிக்கு. 0.3 அலகு (யூனிட்) மின்சாரம். கட்டமாற்றத்தையும் சேர்த்து 0.5 அலகு என்று வையுங்கள். பேட்டரியாகப் போட்டால் அளவு போதும், ஆனால் நாளுக்கு 864 சுழற்சி அதைத் தின்றுவிடும். மீமின்தேக்கி (சூப்பர்கெபாசிட்டர்) பொருத்தம். பேட்டரிதான் வேண்டும் என்றால் பத்து மடங்குக்கு மேல் பெரிதாக வைத்து மேலோட்டமாக மட்டும் சுழற்றுங்கள். இரண்டு மூன்று பட்டங்களை ஒரே இணைப்பில் வைத்து ஒன்று சுருட்டும்போது மற்றது விடும்படி ஓட்டினால் சேமிப்பின் தேவை இன்னும் குறையும்.

வல்வை_முச்சை

ஏத்தி இறக்கிறதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. மேல 10 மீ/வி அடிச்சாலும் தரையில 3 மீ/வி எண்டால் 60 சதுர மீட்டர் துணி எழும்பாது. அதுக்குத்தான் கம்பம் வைச்சு, மூக்கைக் கம்பத்தில கட்டித் தூக்கிறது. இல்லாட்டி நூறு மீட்டர் காற்றுப்போக்கில கொண்டுபோய் வைச்சு வின்ச்சால இழுத்து எழுப்பிறது. ரெண்டாவது முறைக்கு ஆக்கள் வேணும், ஆளில்லா நிலையம் எண்டு சொல்லேலாது.

காற்றடிச்ச முன்விளிம்புக் குழாய் உள்ள பட்டத்துக்கு இன்னொரு தொல்லை. மத்தியானம் 30 பாகையில 0.4 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் இரவு 20 பாகையில அது 0.35 ஆகும். குழாய் மெத்தெண்டு ஆகும், திருப்பேக்க நடுவில மடியும். ஏத்த முன்னம் அழுத்தம் பார்க்காத பட்டம் விடியக்காலமைதான் விழும்.

கொண்டல்

வல்வை அண்ணன் சொன்னதோடு கட்டுப்பாட்டையும் சேர்க்கிறேன். பட்டம் திரும்பும் வேகம், அதன் மேல் படும் காற்றின் வேகத்துக்கும் திருப்பும் கயிற்றின் அளவுக்கும் நேர்விகிதம். காற்று திடீரென்று படுத்தால் நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் திரும்பாது. அந்த நேரம் செய்ய வேண்டியது தரை வின்ச்சை, அதாவது டிரம்மை, முழு வேகத்தில் சுருட்டுவது. சுருட்டுவதே பட்டத்துக்குக் காற்று தரும். ஆகவே வின்ச் மோட்டாரின் அளவைச் சுருட்டுகட்டத்தின் 20 கிலோவாட்டை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்கக்கூடாது. விநாடிக்குள் முடுக்கும் திறனைப் பாருங்கள்.

வின்ச்சை வேகக் கட்டுப்பாட்டில் ஓட்டாதீர்கள், இழுவிசைக் கட்டுப்பாட்டில் ஓட்டுங்கள். திடீர்க் காற்றில் வேகம் மாறாமல் பிடித்தால் இழுவை எகிறிக் கயிறு அறும். இழுவையைப் பிடித்து வேகத்தை விட்டுக்கொடுத்தால் கயிறு வழுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

செங்குத்து_அச்சு

அறுந்தே போனால்?

தறிக்கயிறு

எங்கே அறுகிறது என்பதுதான் கேள்வி. தரையருகே அறுந்தால் பட்டம் 400 மீட்டர் கயிற்றை இழுத்துக்கொண்டு சாலையையும் மின்கம்பியையும் தாண்டிப் போகும். அதனால் வேண்டுமென்றே பலவீனமான உலோக இணைப்பு ஒன்றை மேல்முனையில், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அருகில் வைக்கிறார்கள். கயிற்றின் அறுவிசைக்கு நன்றாகக் கீழே அது உடையும். உடைந்ததும் பட்டம் ஒரே ஒரு பாதுகாப்புக் கயிற்றில் தொங்கும். அந்தக் கயிறு ஒரு பக்க விளிம்பை மட்டும் பிடிப்பதால் பட்டம் கொடி போல் படபடத்துச் சக்தியிழந்து இறங்கும். அதுவும் போனால் கயிற்றைப் பெட்டியிலேயே வெட்டிவிடும் கருவி. இந்த வெட்டியை மாதம் ஒருமுறை உண்மையில் இயக்கிப் பார்க்க வேண்டும், விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதாது.

நிலம்: ஆரம் குறைந்தது கயிற்றின் முழு நீளம். 400 மீட்டருக்கு 50 ஹெக்டேர். கீழே பயிர் செய்யலாம், மாடு மேயலாம். வீடோ சாலையோ கூடாது. இடி மேகம் 20 கிலோமீட்டரில் தெரிந்தாலே இறக்குங்கள், நனைந்த கயிறு மின்கடத்தாப் பொருள் என்று யாரும் நம்பவேண்டாம்.

வான்வெளி அனுமதி ஒவ்வொரு நாட்டிலும் தனிக்கதை. அமெரிக்க விமானத்துறை விதிகளின் 101ஆம் பகுதி ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட பட்டத்தை 150 அடிக்கு மேல் ஏற்றினால் முன்னறிவிப்பு கேட்கிறது, 500 அடிக்கு மேல் தனி விலக்கு வேண்டும். நம் 200 மீட்டர் அதையே தாண்டிவிட்டது.

நெல்லை_மின்னன்

சிறிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

தறிக்கயிறு

ஜெனரேட்டரை வாங்காதீர்கள், முதலில் இழுவிசை மானி. 9 சதுர மீட்டர் கைட்சர்ஃபிங் பட்டம், தரையில் புதைத்த நங்கூரம், 100 மீட்டர் 5 மி.மீ. கயிறு, இடையில் 5 கிலோநியூட்டன் மானி. விநாடிக்கு 50 முறையாவது பதியுங்கள். 5 முறை பதிந்தால் உச்சங்கள் எல்லாம் மறைந்துபோகும். கையில் யாரும் கயிற்றைப் பிடிக்கக்கூடாது, நங்கூரத்துக்குக் காற்றுப்போக்கில் யாரும் நிற்கக்கூடாது.

வரைபடத்தில் உச்சத்தை அப்புறம் பாருங்கள். இழுவை பூஜ்யத்தைத் தொடும் இடங்களைத் தேடுங்கள். கயிறு தளர்ந்து மறுபடி விறைக்கும்போது விழும் அந்த ஒரு சொடுக்குத்தான் மானியின் அளவைத் தாண்டிப் போகும். அது வராமல் பத்து நிமிடம் எட்டுப் போட வைத்தபிறகு டிரம்மைப் பற்றிப் பேசுவோம்.